ஊசி போட்டால்தான் வகுப்பு: கல்லூரிக் கட்டாயத்தின் சட்டமும் நியாயமும்

2021 மே மாதம் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அடுத்த பருவ வகுப்புகள் தொடங்குவதற்குள் மாணவர்கள், ஆசிரியர்கள், ஊழியர்கள் எல்லோரும் கோவிட் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மருத்துவக் காரணமோ மதக் காரணமோ உள்ளவர்கள் விலக்குக் கேட்கலாம். விலக்குப் பெற்றவர்கள் முகக்கவசம் அணிந்து, அவ்வப்போது பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எட்டு மாணவர்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். ஜூலை 18 அன்று மாவட்ட நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. ஆகஸ்ட் 2 அன்று சில மாநிலங்களுக்குப் பொதுவான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமான ஏழாவது வட்ட நீதிமன்றமும் மறுத்தது. ஆகஸ்ட் 12 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஏமி கோனி பேரட், மற்ற நீதிபதிகளின் பார்வைக்கு அனுப்பாமலே, காரணமும் எழுதாமல் மனுவைத் தள்ளினார். ஒரு மாதம் முடிவதற்குள் மூன்று படிகளிலும் தோல்வி.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஃபிராங்க் ஈஸ்டர்புரூக். சில பக்கங்களுக்குள் முடிந்துபோன அந்த உத்தரவின் வாதம் எளிது. ஊசி வேண்டாம் என்பவர்கள் வேறு கல்லூரிக்குப் போகலாம். ஒரு பல்கலைக்கழகம் மாணவரிடம் கட்டணம் வாங்குகிறது, அவர் படிக்க விரும்பாததைப் படிக்கச் சொல்கிறது, எழுத விரும்பாததை எழுதச் சொல்கிறது. பக்கத்தில் இருப்பவரிடமிருந்து நோய் தொற்றுமோ என்று ஒவ்வொருவரும் அஞ்சும் இடத்தில் கல்வி நடத்துவது கடினம். தட்டம்மை போன்ற நோய்களுக்கான தடுப்பூசிகளைக் கல்லூரிகள் நெடுங்காலமாகக் கேட்டுத்தான் வருகின்றன என்பதையும் அவர் நினைவுபடுத்தினார்.

சட்டம் இப்படித் தெளிவாக ஒரு பக்கம் சாய்ந்ததற்கு ஒரு பழைய வழக்குதான் அடிப்படை. 1902-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பெரியம்மை பரவியது. நகரச் சுகாதார வாரியம் எல்லோரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்றது. ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற சுவீடன் நாட்டில் பிறந்த மதபோதகர் மறுத்தார். சிறுவயதில் அம்மை குத்தியதால் தாம் மிகவும் துன்பப்பட்டதாகச் சொன்னார். அவருக்கு 5 டாலர் அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1905-ல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவருக்கு எதிராக முடிந்தது. ஊரைக் காக்கத் தனிமனித உரிமைக்கு நியாயமான வரம்பு விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று நீதிபதி ஹார்லன் எழுதினார். 1922-ல் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரிலிருந்து ஒரு மாணவியின் வழக்கு வந்தது. தடுப்பூசிச் சான்று இல்லாமல் எந்தக் கல்வி நிலையத்திலும் சேர முடியாது என்றது அந்த நகரின் விதி. அதையும் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஊரில் அப்போது நோய் பரவிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட வேண்டியிருக்கவில்லை.

ஜேக்கப்சன் தீர்ப்பை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் அதன் மறுபாதியைப் படிப்பதில்லை. நடவடிக்கைக்கு உண்மையான தேவை இருக்க வேண்டும், அது நோயோடு நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்றும் ஹார்லன் எழுதினார். உடல்நிலை காரணமாக ஊசி தாங்க முடியாத ஒருவரைக் கட்டாயப்படுத்துவது கொடுமை, அத்தகைய சமயத்தில் நீதிமன்றம் தலையிடலாம் என்றும் சொன்னார். இந்த எல்லைகளை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1927-ல் அதே நீதிமன்றமே சாட்சியானது. ‘மனவளர்ச்சி குறைந்தவர்’ என்று முத்திரை குத்தப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்கு அவர் விருப்பமின்றிக் கருத்தடை அறுவை செய்யலாம் என்ற பக் எதிர் பெல் வழக்கில், நீதிபதி ஹோம்ஸ் துணைக்கு அழைத்த முன்தீர்ப்பு ஜேக்கப்சன்தான். தடுப்பூசியைக் கட்டாயமாக்கும் கொள்கை கருக்குழாயை அறுக்கவும் போதும் என்று எழுதினார். பொதுநலம் என்று சொல்லிவிட்டால் கேள்விக்கே இடமில்லை என்று எவரேனும் பேசும்போது இந்த வழக்கை நினைத்துக்கொள்வது நல்லது. நான் தடுப்பூசியை ஆதரிப்பவன். அதனால்தான் இதை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்லூரிக்கு இதில் தனி இடம் உண்டு. பதினெட்டு வயதில் நூறு ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஒரே விடுதியில் ஓர் அறைக்கு இருவர் மூவராகத் தங்கி, ஒரே உணவுக்கூடத்தில் சாப்பிட்டு, விடுமுறைக்கு மறுபடி நூறு ஊர்களுக்குப் போகிறார்கள். 1985-ல் இலினாய் மாநிலத்தின் பிரின்சிப்பியா கல்லூரியில் தட்டம்மை புகுந்தது. கிறிஸ்தவ விஞ்ஞான சபையைச் சேர்ந்தவர்களின் கல்லூரி அது. மருந்தைவிடப் பிரார்த்தனையை நம்பும் சமூகம். பலர் தடுப்பூசி போடாதவர்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், மூன்று பேர் இறந்தார்கள். தட்டம்மையைக் குழந்தைகளுக்கு வந்து போகிற ஒன்று என்று நினைத்திருந்த அமெரிக்கக் கல்லூரிகளை அந்தக் காலத்து வளாகப் பரவல்கள் உலுக்கின. சேர்க்கைக்கு முன்பே தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் தடுப்பூசிச் சான்று கேட்கும் வழக்கம் பரவலானது அதன் பிறகுதான். நியூயார்க் மாநிலத்தில் இது சட்டமாகவே இருக்கிறது. அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் விசாவுக்கு அலையும்போதே எம்எம்ஆர் என்ற அந்த மூன்று நோய்த் தடுப்பூசியை இரண்டு தவணை போட்டதற்கான தாளைத் தேடி வீட்டைப் புரட்டுவதும், கிடைக்காமல் மறுபடி போட்டுக்கொள்வதும் இந்த வரலாற்றின் தொடர்ச்சி.

மூளையுறைக் காய்ச்சலின் கதை வேறு. அரிதான நோய். ஆனால் காலையில் காய்ச்சலாகத் தொடங்கி மறுநாளுக்குள் உயிரையோ கைகால்களையோ கொண்டுபோகக்கூடியது. டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழக மாணவி கால்களையும் விரல்களையும் இழந்தார், வேறொரு பல்கலைக்கழக மாணவர் இறந்தார். அந்தக் குடும்பங்கள் விடாமல் போராடியதால் 2012 ஜனவரி முதல் அந்த மாநிலத்தில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு இந்தத் தடுப்பூசி கட்டாயமானது. மனசாட்சியின் பெயரில் விலக்குப் பெறவும் சட்டம் வழி வைத்தது.

2013-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் எடுத்த வழி என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அந்த வளாகத்தோடு தொடர்புடைய எட்டுப் பேருக்கு ‘பி’ வகை மூளையுறைக் காய்ச்சல் வந்தது. அந்த வகைக்கு அமெரிக்காவில் அப்போது அனுமதி பெற்ற தடுப்பூசியே இல்லை. ஐரோப்பாவில் அனுமதி பெற்றிருந்த ஒன்றை, ஆய்வு நிலை மருந்து என்ற சிறப்பு அனுமதியில் வரவழைத்து, டிசம்பரில் இலவசமாகப் போட்டார்கள். கட்டாயம் எதுவும் இல்லை. நோய் என்ன, ஊசி என்ன, எது தெரியும், எது இன்னும் தெரியாது என்று விளக்கினார்கள். தகுதியுள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தாமாக வந்து போட்டுக்கொண்டார்கள். கட்டாயம் இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பவர்களுக்கு இது ஒரு பதில். எல்லா நோய்க்கும் இது பொருந்தாது. பக்கத்து அறைத் தோழன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது யாரும் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். என்றாலும் கட்டாயம் கடைசிக் கருவியாக இருக்க வேண்டும், முதல் கருவியாக அல்ல என்ற பொதுச் சுகாதார அறத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இப்போது கோவிட் காலத்துக்கு வருவோம். மாணவர்களுக்குக் கோவிட் தடுப்பூசியைக் கட்டாயமாக்குவதாக 2021 மார்ச் 25 அன்றே அறிவித்தது நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். முதலில் இப்படி அறிவித்த பெரிய பல்கலைக்கழகம் அதுதான். அன்று எந்தக் கோவிட் தடுப்பூசிக்கும் முழு அனுமதி இல்லை, அவசரகால அனுமதி மட்டுமே. அவசரகால அனுமதிச் சட்டம், ஏற்கவும் மறுக்கவும் உரிமை உண்டு என்று பெறுபவருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அப்படியானால் கட்டாயப்படுத்துவது எப்படி? தெரிவிக்க வேண்டும் என்பது மட்டுமே சட்டத்தின் கட்டளை, நிறுவனங்கள் நிபந்தனை விதிப்பதை அது தடுக்கவில்லை என்று அமெரிக்க அரசின் நீதி அமைச்சகத்தைச் சேர்ந்த சட்ட ஆலோசனை அலுவலகம் ஜூலையில் விளக்கம் கொடுத்தது. ஆகஸ்ட் 23 அன்று ஃபைசர் ஊசிக்கு முழு அனுமதி வந்ததும் அந்தக் கேள்வி வலுவிழந்தது. சட்ட நுணுக்கத்தில் அந்த விளக்கம் நின்றிருக்கலாம். மறுக்கலாம் என்று துண்டறிக்கையில் அச்சடித்துவிட்டு, மறுத்தால் வகுப்பில்லை என்று மின்னஞ்சல் அனுப்புவது அந்த வயது மாணவனுக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்பது வேறு விஷயம்.

ரட்கர்ஸ் கட்டாயத்தை எதிர்த்த வழக்கில் இன்னொரு உறுத்தல் இருந்தது. கட்டாயம் முதலில் மாணவர்களுக்கு மட்டும்தான், ஊழியர்களுக்கு இல்லை. கோவிட் இளைஞர்களைவிட ஐம்பது அறுபது வயதுக்காரர்களைத்தான் அதிகம் கொன்றது. ஆபத்து குறைந்தவர்கள் மீது சுமை, ஆபத்து மிகுந்தவர்களுக்கு விருப்பம். ஊழியர்களுக்குச் சங்கம் உண்டு, ஒப்பந்தம் உண்டு. மாணவர்களுக்கு அந்தப் பலம் இல்லை. 2024 பிப்ரவரியில் மூன்றாவது வட்ட நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. வேறுபாட்டுக்கு ஏதேனும் ஒரு நியாயமான அடிப்படை இருந்தால் சட்டத்துக்குப் போதும். அறத்துக்கு அது போதாது.

மத விலக்கில்தான் கல்லூரிகள் நீதிமன்றத்தில் அடிவாங்கின. மேற்கு மிச்சிகன் பல்கலைக்கழகம் விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் ஊசியைக் கட்டாயமாக்கி, விலக்குகளைத் தனித்தனியாகப் பரிசீலிப்பதாகச் சொன்னது. மத அடிப்படையில் கேட்ட 16 வீரர்களுக்கு விளையாட அனுமதி கிடைக்கவில்லை. தனித்தனியாக விலக்குத் தரும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு மதக் காரணத்தை மட்டும் தள்ளுவது மதச் சுதந்திரத்தை மீறுவதாகத் தெரிகிறது என்று 2021 அக்டோபரில் ஆறாவது வட்ட நீதிமன்றம் சொல்லி, அந்த விதிக்கு எதிராகக் கீழ் நீதிமன்றம் பிறப்பித்திருந்த தடையுத்தரவை நீக்க மறுத்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் அன்ஷுட்ஸ் மருத்துவ வளாகம் இன்னும் மோசமாகச் செய்தது. ஒரு மதம் எல்லாத் தடுப்பூசியையும் அதிகாரபூர்வமாக எதிர்த்தால்தான் விலக்கு என்றது. கிறிஸ்தவ விஞ்ஞான சபையார் கேட்டால் உண்டு, கத்தோலிக்கர் கேட்டால் இல்லை. எது உண்மையான மதநம்பிக்கை என்று தீர்மானிக்கும் வேலை பல்கலைக்கழகத்துடையது அல்ல என்று பத்தாவது வட்ட நீதிமன்றம் 2024 மே மாதம் கடுமையாகவே கூறியது. ஆக, விலக்கே தராமல் இருப்பதைவிட, விலக்குத் தருவதாகச் சொல்லிப் பாரபட்சம் காட்டுவதுதான் சட்டச் சிக்கல். தனியார் பல்கலைக்கழகங்களுக்கு இந்தத் தலைவலியும் குறைவு. அரசியலமைப்பின் உரிமைப் பட்டியல் அரசு நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும். தனியாரோடு மாணவருக்கு உள்ளது ஒப்பந்த உறவு. மாற்றுத்திறனாளிகள் சட்டம் போன்றவை மட்டும் அவர்களைத் தொடரும்.

எனவே சட்டம் கல்லூரிகளுக்குக் கொடுத்தது ஏறக்குறைய முழுச் சுதந்திரம். அவ்வளவு சுதந்திரம் உள்ளவரிடம்தான் அறக் கேள்வியைக் கடுமையாகக் கேட்க வேண்டும்.

தடுப்பூசியைக் கட்டாயமாக்க வலுவான அறக் காரணம் ஒன்றுதான்: நான் போடாவிட்டால் அது உன்னைப் பாதிக்கும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் மாணவி, உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்ட பேராசிரியர், இவர்களுக்கு ஊசி சரியாகப் பலன் தராது. சுற்றியிருப்பவர்கள்தான் அவர்களுக்கு வேலி. தட்டம்மையில் இந்த வாதம் முழு வலுவோடு நிற்கிறது. இரண்டு தவணை எம்எம்ஆர் ஏறக்குறைய 97 சதவீதம் பாதுகாப்புத் தருகிறது, பரவலையும் அறுக்கிறது, பலன் பல்லாண்டு நிலைக்கிறது. 2021-ன் முற்பாதியில் கோவிட் ஊசிக்கும் இந்த வாதத்தைச் சொல்ல முடிந்தது. போட்டவர்களுக்குத் தொற்று வெகுவாகக் குறைந்தது, பரப்புவதும் குறைந்தது. அப்போதைய கட்டாயத்தை நான் இன்றும் நியாயம் என்றே சொல்வேன். டெல்டா வந்தபோது அந்த வேலியில் ஓட்டை விழுந்தது. 2021-ன் இறுதியில் ஓமிக்ரான் வந்தபோது மூன்று தவணை போட்டவர்களும் சில மாதங்களிலேயே தொற்றி, பரப்பினார்கள். கடும் நோயிலிருந்தும் மரணத்திலிருந்தும் ஊசி தொடர்ந்து காத்தது, அதில் ஐயமில்லை. ஆனால் அது போட்டுக்கொண்டவரைக் காக்கும் காவல். அதற்காக அறிவுரை சொல்லலாம், இலவசமாகப் போடலாம், கெஞ்சியும் கேட்கலாம். வகுப்பிலிருந்து வெளியேற்றும் அளவுக்கு அந்தக் காரணம் நீளாது.

அந்த நேரத்தில்தான் பல பல்கலைக்கழகங்கள் பூஸ்டரையும் கட்டாயமாக்கின. ஊசியால் அரிதாக வரக்கூடிய இதயத் தசை அழற்சி பற்றிய எச்சரிக்கை 2021 ஜூன் மாதமே வந்திருந்தது. 12 முதல் 29 வயது ஆண்களில், பத்து லட்சம் இரண்டாம் தவணைக்குச் சுமார் 40 பேர் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அப்போதைய கணக்கு. பெரும்பாலோர் குணமாகிவிட்டார்கள். கோவிட் தொற்றே இதயத்தைப் பாதிக்கும் என்பதும் உண்மை. ஆயினும் ஏற்கெனவே இரண்டு தவணை போட்டு, ஒருமுறை தொற்றியும் மீண்ட இருபது வயது இளைஞனுக்கு மூன்றாவது ஊசியால் கூடுதல் நன்மை எவ்வளவு என்ற கேள்வி நியாயமானது. இளைஞர்களில் ஒரே ஒரு மருத்துவமனைச் சேர்க்கையைத் தடுக்க 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பூஸ்டர் போட வேண்டியிருக்கும் என்று 2022-ல் ஒரு மருத்துவ அறவியல் ஆய்விதழில் சில ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கை மறுத்தவர்களும் உண்டு. விவாதம் நடந்திருக்க வேண்டிய இடம் பல்கலைக்கழகங்கள்தான். அங்கேயே கேள்வி கேட்டவரை எல்லாம் தடுப்பூசி எதிர்ப்பாளர் பட்டியலில் சேர்த்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏற்கெனவே நோய் வந்து மீண்டவர்களை நடத்திய விதமும் அப்படித்தான். தட்டம்மைக்கு ஊசிச் சான்று இல்லாவிட்டால் இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பாற்றல் இருப்பதைக் காட்டினால் கல்லூரிகள் ஏற்கும். கோவிடுக்கு எவ்வளவு எதிர்ப்புப்பொருள் இருந்தால் போதும் என்ற அளவுகோல் உறுதியாகவில்லை என்று சொல்லி, பெரும்பாலான கல்லூரிகள் அதை ஏற்கவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் மருத்துவ அறவியல் திட்டத்துக்குத் தலைமை வகித்த பேராசிரியரே இதை எதிர்த்து வழக்குப் போட்டுத் தோற்று, வேலையையும் இழந்தார். அளவுகோல் பற்றிய காரணம் முதல் ஆண்டில் ஏற்கத்தக்கது. அனேகமாக எல்லோருக்கும் ஒருமுறையாவது தொற்றிவிட்ட பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது சரியில்லை.

இந்தியாவிலிருந்து போன மாணவர்கள் வேறொரு சுவரில் மோதினார்கள். 2021-ன் நடுவில் இங்கே கிடைத்த ஊசியைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினார்கள். கோவிஷீல்ட் போட்டவர்கள் தப்பித்தார்கள். கோவேக்சினும் ஸ்புட்னிக்கும் அப்போது உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இல்லாததால் பல பல்கலைக்கழகங்கள் அவற்றை ஏற்கவில்லை. மறுபடி முதலிலிருந்து வேறு ஊசி போடச் சொன்னார்கள். இரண்டு வகை ஊசிகளை இப்படி அடுத்தடுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வு ஏதும் அப்போது கையில் இல்லை. கோவேக்சினுக்கு அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் நவம்பர் 3 அன்றுதான் வந்தது; வகுப்புகள் தொடங்கி இரண்டு மாதம் கடந்திருந்தது.

கட்டாயப்படுத்துபவருக்கு இன்னொரு கடமை உண்டு. பல லட்சம் பேரில் சிலருக்கு ஊசி உண்மையாகவே தீங்கு செய்யும். எல்லோருடைய நலனுக்காகவும் ஒருவரைப் போடவைத்துவிட்டு, தீங்கு வந்தால் அவரவர் பாடு என்று விடக்கூடாது. வழக்கமான தடுப்பூசிகளுக்கு அமெரிக்காவில் 1986-ல் உருவான இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் வைத்து வாதிடலாம், செலவையும் திட்டமே ஏற்கும். கோவிட் ஊசிகள் அதில் சேர்க்கப்படவில்லை. அவை போனது அவசரகால எதிர்நடவடிக்கைகளுக்கான வேறொரு திட்டத்துக்கு. ஊசி போட்ட ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும், நீதிபதி கிடையாது, வழக்கறிஞர் செலவு கிடையாது. 2023-ல் முதன்முதலாக இழப்பீடு பெற்ற மூன்று பேருக்கும் சேர்த்துக் கிடைத்தது 5000 டாலருக்கும் குறைவு. ஊசியைக் கட்டாயமாக்கிய பல்கலைக்கழகங்களில் எத்தனை இதைப் பற்றி மாணவர்களிடம் ஒரு வரி எழுதியிருக்கும்?

இந்திய உச்ச நீதிமன்றம் இதே பிரச்சினையை 2022 மே 2 அன்று வேறு கோணத்தில் அணுகியது. குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கு அது. பொது இடங்களுக்கு வர ஊசியைக் கட்டாயமாக்கிய தமிழ்நாடு அரசு, தன் ஆணையை நியாயப்படுத்தி அதில் வாதாடியது. நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், கவாய் அமர்வு சொன்னது இதுதான்: உடல் மீதான உரிமை அரசியலமைப்பின் 21-வது பிரிவுக்குள் அடங்கும், யாரையும் வலுக்கட்டாயமாக ஊசி போடவைக்க முடியாது. பொதுநலனுக்காக அரசு கட்டுப்பாடுகள் விதிக்கலாம், ஆனால் அவை தேவைக்கு அளவானவையாக இருக்க வேண்டும். ஊசி போடாதவர்கள் போட்டவர்களைவிட அதிகம் பரப்புகிறார்கள் என்பதற்கு இப்போது தரவு முன்வைக்கப்படவில்லை; தொற்று குறைந்திருக்கும் இந்தக் கட்டத்தில் கட்டுப்பாடுகள் அளவுக்கு மீறியவை. கல்வி நிறுவனங்கள் உட்பட எல்லோரும் தங்கள் ஆணைகளை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் ஆலோசனை கூறியது. நிலைமை மாறினால் கட்டாயமும் மாற வேண்டும் என்ற கால உணர்வு அமெரிக்கத் தீர்ப்புகளில் அரிதாகவே தெரிந்தது. கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி மாவட்டத்தின் ஊழியர்கள், பரவலைத் தடுக்காத ஊசிக்கு ஜேக்கப்சன் பொருந்துமா என்று கேட்டபோது ஒன்பதாவது வட்ட நீதிமன்றத்தின் மூவர் அமர்வு 2024-ல் அந்தக் கேள்விக்குச் செவிகொடுத்தது. 2025-ல் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அந்தக் கதவைச் சாத்தியது.

அமெரிக்காவில் மறுஆய்வை நீதிமன்றங்கள் வற்புறுத்தவில்லை, பல பல்கலைக்கழகங்களும் தாமாகச் செய்யவில்லை. ரட்கர்ஸ் தன் கட்டாயத்தை 2024 ஏப்ரலில்தான் விலக்கியது. அதற்குள் அந்த வேலையை அரசியல் கையில் எடுத்துவிட்டது. கல்வி நிறுவனங்கள் கோவிட் ஊசிச் சான்று கேட்பதை ஃபுளோரிடா 2021-லேயே சட்டத்தால் தடுத்தது. 2025 பிப்ரவரியில் அதிபர் டிரம்ப், கோவிட் ஊசியைக் கட்டாயமாக்கும் பள்ளி, பல்கலைக்கழகங்களுக்குக் கூட்டாட்சி நிதியை நிறுத்தும் ஆணையில் கையெழுத்திட்டார். இவை கோவிடோடு நின்றன. அதே ஆண்டு ஏப்ரலில் ஐடஹோ மாநிலம் கொண்டுவந்த சட்டம் அப்படி நிற்கவில்லை. நிறுவனங்களும் கல்லூரிகளும் எந்த மருத்துவ நடவடிக்கையையும் சேர்க்கைக்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது என்ற அளவுக்குப் போனது. அந்த வலையில் எம்எம்ஆரும் மூளையுறைக் காய்ச்சல் ஊசியும் விழுகின்றன.

ஐடஹோ சட்டம் கையெழுத்தான அந்த வசந்தத்தில் டெக்சாஸின் மேற்குப் பகுதியில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. 2000-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவிலிருந்து ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட நோய். டெக்சாஸில் ஊசி போடாத இரண்டு குழந்தைகளும் பக்கத்து நியூ மெக்சிகோவில் ஒரு பெரியவரும் இறந்தார்கள். பிரின்சிப்பியாவுக்குப் பின் நாற்பது ஆண்டுகளாகக் கட்டிய கல்லூரி விதிகளைக் காப்பாற்ற வேண்டியவர்கள் பல்கலைக்கழக நிர்வாகிகள். தட்டம்மைக்கு ஏன் கட்டாயம் வேண்டும், ஓமிக்ரானுக்குப் பின் கோவிடுக்கு ஏன் வேண்டியிருக்கவில்லை என்ற இரண்டையும் ஒரே மூச்சில் மாணவர்களிடமும் சட்டமன்றங்களிடமும் சொல்லும் துணிவு அவர்களுக்கு வேண்டும். இரண்டாவதை ஒப்புக்கொள்ளாமல் முதலாவதைக் கேட்டால், 2022-ல் பூஸ்டர் மின்னஞ்சலை வாங்கிய தலைமுறை நம்பாது.